தம்பி லாக்கப்பில், அக்கா காவல் நிலையத்தில்: ஒரு குற்றத் தொடரின் பாத்திரங்களைத் திருத்தி எழுதிய கதை

பின்னணி

கோலாலம்பூரில் தயாரான ஒரு தமிழ்க் குற்றத் தொடரின் திரைக்கதை, படப்பிடிப்பு தொடங்கவிருந்த நேரத்தில் பிரித்து மறுபடி எழுதப்பட்டது. அது ஏன், எப்படி நடந்தது, என்ன ஆயிற்று என்பதைத் தொடர் எழுதும் மற்றவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன். தொடரின் பெயரோ, அலைவரிசையின் பெயரோ, பங்கேற்றவர்களின் பெயரோ இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில கதைக் கூறுகளையும் மாற்றியிருக்கிறேன். முதல் வரைவு முடிந்த பிறகு திரைக்கதை மேற்பார்வைக்காக அழைக்கப்பட்டவன் நான்.

தொடர் 13 அத்தியாயங்கள் கொண்டது. நாயகி 34 வயது இன்ஸ்பெக்டர். கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் அடுக்குமாடி ஒன்றில் வளர்ந்து, குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கு வந்தவள். அவளுடன் பணியாற்றுபவர் 57 வயது சார்ஜன் (சார்ஜென்ட்). ஓய்வுபெற இன்னும் 3 ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்து ஓய்ந்த அம்மா, மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் 24 வயதுத் தம்பி. எழுத்தாளர்கள் மூவர். இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு வழக்கு என்று ஆறு வழக்குகளைப் பங்கு போட்டுக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை மூவரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள்.

வாசிப்பில் எழுந்த கேள்வி

இங்கே தொடர்களைக் கதை வரிசைப்படி எடுப்பதில்லை, இடத்தின்படி எடுப்பார்கள். வாடகைக் கட்டடத்தைக் காவல் நிலையமாக மாற்றினால், முதல் அத்தியாயம் முதல் கடைசி வரை அங்கே நடக்கும் காட்சிகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். காலையில் 3ஆம் அத்தியாயம், மதிய உணவுக்குப் பிறகு 11ஆம் அத்தியாயம் என்று ஓடும். அதனால் நடிகர்கள் முழுத் தொடரையும் முன்கூட்டியே படித்துவைப்பார்கள், குறைந்தது நல்ல நடிகர்களாவது.

நாயகியாக நடித்தவர் அப்படிப் படித்தவர். கூட்டு வாசிப்பின்போது அவர் கேட்டார்: “4ஆம் அத்தியாயத்தில் என் தம்பியை நானே பிடித்துக் கொடுக்கிறேன். 5ஆம் அத்தியாயத்தில் அவனோடு உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறேன். இடையில் என்ன நடந்தது?”

5ஆம் அத்தியாயத்தை எழுதியவர் சொன்ன பதில், “அது வேறு வழக்கு, இது வேறு வழக்கு.”

சார்ஜனாக நடித்த மூத்த நாடகக் கலைஞர் அதுவரை பேசாமல் இருந்தவர். தம் பிரதியைப் புரட்டி, 3ஆம் அத்தியாயத்தில் தாம் குடித்துவிட்டு வருவதையும், 6ஆம் அத்தியாயத்தில் மதுவை வாழ்நாளில் தொட்டதில்லை என்று ஒரு பையனுக்கு அறிவுரை சொல்வதையும் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. படப்பிடிப்பை ஒத்திவைக்கும் முடிவு அன்று மாலையே எடுக்கப்பட்டது.

பிரதிகளில் கண்டவை

பிரதிகளை வழக்கின்படி படிக்காமல் ஆளின்படி படித்தேன். முதலில் சார்ஜன் வரும் காட்சிகளை மட்டும் தொடர்ச்சியாக. பிறகு அம்மா வரும் காட்சிகளை. சார்ஜன் ஒருவராக இல்லை, மூவராக இருந்தார்: ஓர் எழுத்தாளரிடம் நகைச்சுவைக்கு வருபவர், இன்னொருவரிடம் ஞானி, மூன்றாமவரிடம் மனைவியை இழந்து அழுபவர். ஒவ்வொருவரும் தம் பங்கை நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஊதியம் அத்தியாயக் கணக்கில் என்பதால், 4ஆம் அத்தியாயத்தில் பட்ட காயத்தை 5ஆம் அத்தியாயம் வரை சுமந்து செல்வது யாருடைய வேலையாகவும் இல்லை. குறை திறமையில் இருப்பதாக அலைவரிசை நினைத்தது. எனக்கு வேலைப் பங்கீட்டில் இருப்பதாகத் தெரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆறு வழக்கும் ஒரே விதமாக முடிந்தன. விசாரணை அறை, தொங்கும் விளக்கு, மேசையில் ஓர் அடி, குற்றவாளி அழுதுகொண்டே ஒப்புக்கொள்வது. ஒப்புதல் வாக்குமூலம் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுவதால், வேறு யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவோ சொல்லவோ தேவையில்லாமல் போகிறது. பாத்திரங்களுக்கிடையே உறவு வளராததற்கு இது பெரிய காரணம். எழுத்தாளர்களிடம் இதைச் சொன்னபோது, குற்றத் தொடர் பார்ப்பவர்கள் அந்த அறைக்காகத்தான் காத்திருப்பார்கள் என்று வாதிட்டார்கள். அதை என்னால் அப்போது மறுத்துவிட முடியவில்லை.

ஆலோசகர் சொன்னது

மறுத்தவர் வேறொருவர். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரை, சீருடையின் தோள்பட்டையில் எத்தனை நட்சத்திரம், யார் யாருக்கு சல்யூட் என்பவற்றைச் சரிபார்க்க மட்டும் அமர்த்தியிருந்தார்கள். கையில் பாலில்லாத கறுப்புக் கோப்பியான கோப்பி ஓவோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவர், விசாரணை அறைக் காட்சி ஒன்றைப் படித்துவிட்டு, “இவன் ஒப்புக்கொண்டான், சரி. இதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்டார்.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, விசாரணையின்போது ஒருவர் போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்துவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு; ஆனால் மேசையில் அடித்து வாங்கும் ஒப்புதலை நம்பி எந்த விசாரணை அதிகாரியும் வழக்கு நடத்த மாட்டார். எங்கள் ஆறு முடிவுகளும் அந்த ஒரு கோப்பியில் போயின.

அதன் பிறகு அவரைச் சீருடையோடு விட்டுவிடவில்லை. சொந்தத் தம்பி சந்தேகத்துக்குரியவனாக இருக்கும் வழக்கை அக்காவே விசாரிப்பது நடக்காது என்றார். அன்றைக்கே அவளை விலக்கிவிடுவார்கள், ஆனால் அதே கட்டடத்தில்தான் அவள் வேலை பார்த்தாக வேண்டும். தடுப்புக் காவலின் கணக்கையும் சொன்னார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் 4 நாள், அடுத்து 3 நாள் வரை காவல் கிடைக்கும். கொலை போன்ற குற்றமென்றால் 7 நாள், மறுபடி 7 நாள் வரை. முதல் வரைவில் தம்பி எத்தனை நாள் லாக்கப்பில் இருந்தான் என்பதை யாரும் எண்ணியிருக்கவில்லை. எண்ணத் தொடங்கியதும் நான்கு அத்தியாயங்களுக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயன்பட்டது அதே சட்டத்தின் 112ஆம் பிரிவு. சாட்சியிடம் வாக்குமூலம் வாங்கும்போது, இயன்றவரை அதை எழுத்தில் பதிந்து, அவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே திரும்பப் படித்துக் காட்டி, திருத்த விரும்பினால் திருத்த வாய்ப்பளித்து, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். ஆலோசகர் இதை ஒரு நடைமுறை விவரமாகத்தான் சொன்னார். எங்கள் மூன்று எழுத்தாளர்களில் இளையவர் எழுந்து நின்றுவிட்டார். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மா, மலாய் மொழியில் கேட்கும் அதிகாரி, இடையில் மொழிபெயர்க்கும் சார்ஜன். அம்மா பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யைச் சார்ஜனே தம் வாயால் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். “அம்மா, ஏதாவது மாற்ற வேண்டுமா?” என்றும் அவரே கேட்க வேண்டும். இந்தக் காட்சியை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆறு வழக்குகள் மூன்றாகக் குறைந்தன. முதல் இரண்டு வழக்குகள் 3ஆம் அத்தியாயத்துக்குள் முடிந்துவிடும். 4 முதல் 13 வரை ஒரே வழக்கு: செந்தூலில் பழைய இரும்புக் கடை நடத்தியவரின் கொலை. அந்தக் கடையில் முன்பு வேலை பார்த்தவன் தம்பி. சம்பளத் தகராறில் முதலாளியை ஊர் கேட்கத் திட்டியவனும் அவன்தான்.

கொலை நடந்த இரவு தம்பி வீட்டில் இருந்ததாக அம்மா சொல்கிறாள். அதே இரவு ஜாலான் ஈப்போ சாலையில், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவுக் கடையான ஒரு மாமாக் கடையில், நள்ளிரவு தாண்டி, அவனைச் சார்ஜன் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். அவன் உண்மையில் செய்துகொண்டிருந்தது வேறு திருட்டு: நண்பனோடு சேர்ந்து மின்கம்பியை வெட்டி எடுத்து, விற்பதற்குக் காத்திருந்தான். செம்புக்கு விலை இருக்கும்வரை இந்த ஊரில் கம்பி காணாமல் போவதும், பழைய இரும்புக் கடைகள் மேல் சந்தேகம் விழுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆக, அம்மா மறைப்பது சின்னக் குற்றத்தை. அவள் அறியாமல் நெருங்குவது பெரிய குற்றம்.

தண்டனை பற்றிய வசனங்களையும் மாற்றினோம். முதல் வரைவில், கொலைக்கான தண்டனைச் சட்டப் பிரிவைச் சுட்டி, “302 என்றால் தூக்குதான்” என்று நான்கு பேர் சொல்கிறார்கள். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது. கொலைக்கு மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். இது வசனத்தைப் பலவீனமாக்கும் என்று பயந்தார்கள். இளைய எழுத்தாளர் அதை அக்காவின் கணக்காக மாற்றினார். வெளியே வரும்போது தம்பிக்கு 54 வயதா, 64 வயதா, அப்போது அம்மாவுக்கு எத்தனை என்று அவள் சமையலறையில் நின்று கூட்டிப் பார்க்கிறாள். தூக்கு என்ற சொல்லைவிட அந்தக் கூட்டல் கனமாக இருந்தது.

வேலைப் பங்கீடு தலைகீழானது. அத்தியாயத்துக்கு ஓர் எழுத்தாளர் என்பதை விட்டு, உறவுக்கு ஓர் எழுத்தாளர் என்றோம். அக்காவும் சார்ஜனும் பேசும் காட்சிகளை எந்த அத்தியாயத்தில் வந்தாலும் ஒருவரே எழுதுவார். அம்மா, அக்கா, தம்பி மூவரின் வீட்டுக் காட்சிகள் இன்னொருவருக்கு. விசாரணை அதிகாரியும் மற்ற சந்தேக நபர்களும் மூன்றாமவருக்கு. ஊதியத்தையும் தயாரிப்பாளர் அதற்கேற்ப மாற்றி எழுதினார். இந்த ஒன்றைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்திருந்தால் பழையபடியே ஆகியிருக்கும் என்பது என் கருத்து.

ஒரு பதிவேடும் தொடங்கினோம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறார், யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதற்கான அட்டவணை அது. சார்ஜன் அலுவலகத்தில் அவளை, மலாயில் ‘மேடம்’ என்று பொருள்படும் “புவான்” என்றும், காரில் தனியாக இருக்கும்போது “அம்மாடி” என்றும் கூப்பிடுவார். 8ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு காரிலும் “புவான்” தான். யாரும் யாரையும் திட்டாமலேயே பிளவு தெரிந்தது.

நீண்ட வாக்குவாதம் சார்ஜனைப் பற்றியது. அம்மாவின் பொய்யைப் படித்துக் காட்டிய பிறகு அவர் என்ன செய்கிறார்? மூத்த எழுத்தாளர் அவர் மறைக்க வேண்டும் என்றார். பாசத்துக்காகக் கடமையைத் துறக்கும் பெரியவரை நம் மக்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்பது அவர் வாதம்; அலைவரிசையும் அதையே விரும்பியது. நடிகர் மறுத்தார். மறைத்தால் 8ஆம் அத்தியாயத்தோடு தம் பாத்திரம் முடிந்துவிடும், பிறகு அவர் செய்ய எதுவும் இல்லை என்றார். நான் அவர் பக்கம் நின்றேன். காரணம் நடைமுறை சார்ந்தது. சார்ஜன் தாம் பார்த்ததைச் சொன்னால், அவரும் ஒரு சாட்சி ஆகிவிடுகிறார். அவரையும் வழக்கிலிருந்து விலக்குவார்கள். அக்காவும் சார்ஜனும் ஒரே அறையில், ஒரே வழக்கைப் பற்றி எதுவும் பேசக்கூடாதவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். மறைத்தால் அவர்களுக்குள் ஒரு ரகசியம் மட்டுமே கிடைக்கும். சொன்னால் ஐந்து அத்தியாயத்துக்கு மௌனம் கிடைக்கும்.

சொல்கிறார் என்று முடிவானது. அந்த நேரத்தில் அது தம்பிக்கு எதிராகவே போகும். 11ஆம் அத்தியாயத்தில், அதே மாமாக் கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவு, கொலை நேரத்தில் தம்பி அங்கிருந்து நகரவே இல்லை என்று காட்டும். சார்ஜன் வாய் திறந்திராவிட்டால் அந்தக் கடையை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். இந்தத் திருப்பம் எனக்குச் சற்று வசதியாகவே பட்டது; இப்போதும் அப்படித்தான் படுகிறது. அதன் கூர்மையை மழுக்க, தம்பி கொலை வழக்கிலிருந்து விடுபட்டாலும் கம்பித் திருட்டுக்குக் குற்றம் சாட்டப்படுவதாக வைத்தோம். அக்கா சார்ஜனுக்கு நன்றி சொல்வதில்லை. தம்பியைக் காப்பாற்றியவரும் அவனைக் காட்டிக்கொடுத்தவரும் ஒருவராகவே இருப்பதால், அவளால் சொல்ல முடிவதில்லை.

படப்பிடிப்பில்

வாக்குமூலக் காட்சி 7 நிமிடம் ஓடியது. மேசை, நான்கு சுவர், மூன்று பேர், எழுதும் சத்தம். இயக்குநர் இடையில் ஒரு பழைய நினைவுக் காட்சியைச் செருக விரும்பினார். அம்மாவாக நடித்தவரின் கைகளைப் பார்த்த பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார். கேள்விகள் மலாயில், பதில்கள் தமிழில். மலேசியத் தமிழ்ப் பார்வையாளருக்கு இரண்டும் புரியும் என்பதால், மொழிபெயர்ப்பில் சார்ஜன் தயங்கும் இடத்தை அவர்கள் அவருக்கு முன்பே கண்டுகொள்வார்கள். வேறு ஊரில் இந்தக் காட்சி இப்படி வேலை செய்யாது.

பதிவேடு அன்றாடம் பயன்பட்டது. நாயகி ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் அதைப் பார்த்துக்கொண்டார். ஆனால் உறவின்படி பிரித்து எழுதியதில் புது ஓட்டை ஒன்று வந்தது. வீட்டுக் காட்சி எழுதியவர், 9ஆம் அத்தியாயத்தில் அக்கா மாமாக் கடையைப் பற்றி அம்மாவிடம் கேட்பதாக எழுதியிருந்தார். வழக்கிலிருந்து விலக்கப்பட்டவளுக்கு அது எப்படித் தெரியும்? பதிவேட்டின்படி 11 வரை அவளுக்குத் தெரியக்கூடாது. உடை உதவியாளர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். வசனம் அங்கேயே மாற்றப்பட்டது.

ஒளிபரப்பின்போதும் பிறகும்

முதல் 3 அத்தியாயங்கள் மெதுவாகச் செல்வதாக அலைவரிசையிடமிருந்து புகார் வந்தது, அது நியாயமே. இரண்டு சிறு வழக்குகளையும் அவசரமாக முடித்ததில் அவை இரண்டும் நினைவில் நிற்கவில்லை. 7ஆம் அத்தியாயத்தில் வாக்குமூலக் காட்சி வந்த பிறகு நிலைமை மாறியது. பார்த்தவர்கள் கொலையாளி யார் என்று பேசுவதை விட்டு, சார்ஜன் செய்தது சரியா என்று சண்டை போட்டார்கள். தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கப் போன நடிகரை ஒரு பாட்டி நிறுத்தி, “அந்தப் பிள்ளையை ஏனய்யா காட்டிக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரப் பெண், “அவர் சொல்லாவிட்டால் பிள்ளை உள்ளேயே கிடந்திருப்பான்” என்று பாட்டியோடு மல்லுக்கு நின்றாராம். நடிகர் பூவுக்குப் பணம் கொடுத்துவிட்டு நழுவியிருக்கிறார்.

கொலையாளி யார் என்பது வெளியான 12ஆம் அத்தியாயம் எதிர்பார்த்த அளவு பேசப்படவில்லை. இறந்தவரின் மைத்துனர்தான் என்பதை வழக்குப் பக்கத்தை எழுதியவர் கவனமாக மறைத்து வைத்திருந்தார்; அவருக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இறந்த இரும்புக் கடைக்காரருக்கும் மைத்துனருக்கும் இடையே நாங்கள் ஓர் உறவை எழுதவே இல்லை. அவர்கள் கதைக்குத் தேவையான இரண்டு ஆட்களாக மட்டுமே இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்வையாளர் ஏன் அதிர வேண்டும்?

மறுமுறை மாறுபவை

ஆலோசகரை முதல் வரைவுக்கு முன்பே அழைப்பது என்று தயாரிப்பாளர் முடிவு செய்திருக்கிறார். சீருடைக்குத் தனியாக வேறு ஆள்.

பதிவேட்டை ஒருவர் மட்டுமே திருத்த வேண்டும். இந்த முறை மூவரும் தத்தம் பிரதியில் திருத்தியதால், கடைசி வாரங்களில் மூன்று பதிவேடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. உறவின்படி எழுதுவது தொடரும்; ஆனால் காட்சிகள் சேர்ந்ததும், அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே கையால் திருத்தும் பொறுப்பு சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வரும். கொலையுண்டவருக்கும் கொன்றவருக்கும் இடையிலுள்ள உறவையும் ஓர் எழுத்தாளருக்கு ஒதுக்குவோம்.

மிகவும் மெலிந்து போன பாத்திரம் தம்பியின் காதலி. செய்தி கொண்டுவரவும், லாக்கப் வாசலில் காத்திருக்கவும் மட்டுமே பயன்பட்டாள். அவளாக நடித்த பெண், படப்பிடிப்பு முடிந்த நாளில், “அந்த இரவு அவன் எங்கே இருந்தான் என்று என்னை யாருமே கேட்கவில்லையே” என்றார். அவளிடமும் 112ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் வாங்கியிருக்க வேண்டும். எந்த விசாரணை அதிகாரியும் வாங்கியிருப்பார். இரண்டாம் பருவத்துக்கான சுருக்கத்தை அலைவரிசை கேட்டிருக்கிறது. இளைய எழுத்தாளர் அனுப்பிய வரைவு, கம்பித் திருட்டு வழக்கில் அந்தப் பெண்ணைச் சாட்சியாக அழைப்பதில் தொடங்குகிறது. சார்ஜன் அதில் மொழிபெயர்ப்பாளராக இல்லை. அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.